தோட்டத்துக் கோயில்களின் மேளக்காரர்கள்
கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் வட்டார இசைக் கலைஞர்களின் வரலாறு

திருவிழா நாளில் ஆலயத்தை நோக்கி வரும் பக்தர்களுக்குக் கோபுரம் கண்ணில் படுவதற்கு முன்பே மேளச் சத்தம் காதில் விழுந்துவிடும். சுவாமி புறப்பாடு, அபிஷேகம், தீபாராதனை, திருக்கல்யாணம் என எந்த வைபவமாயினும் மேளம் இன்றி நிறைவு பெறுவதில்லை. ஆயினும் ஆலய வரலாறுகளில் மேளக்காரர்களைப் பற்றிய குறிப்பு மிக அரிதாகவே காணப்படுகிறது. நிலம் ஈந்தோர், திருப்பணிக்குப் பொருள் வழங்கியோர், நிர்வாகப் பொறுப்பில் இருந்தோர் ஆகியோரின் பெயர்கள் கல்வெட்டிலும் மலர்களிலும் இடம்பெறுகின்றன. ஆண்டுதோறும் வாசித்த கலைஞர்களோ, வரவு செலவுக் கணக்கில் "மேளம்" என்னும் ஒற்றைச் சொல்லாக நின்றுவிடுகின்றனர். கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் அதன் வடக்கிலும் கிழக்கிலும் பரந்து கிடந்த தோட்டங்களிலும் மூன்று நான்கு தலைமுறைகளாக இத்தொண்டினை ஆற்றியவர்களின் வரலாறு, இந்நாட்டுத் தமிழர் வரலாற்றின் இன்றியமையாத பகுதியாகும்.

கடல் கடந்து வந்த கருவிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பியும் தென்னையும் பயிரிடப்பட்ட சிலாங்கூர் கரையோர நிலங்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, சுங்கை திங்கி ஆகிய வட்டாரங்களில் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் உருவாயின. சிலாங்கூர் ரிவர், ரிவர்சைட், ராஜா மூசா, ஹோப்ஃபுல், துவான் மீ, மேரி, நைஜல் கார்ட்னர், மின்யாக் முதலிய தோட்டப் பெயர்கள் இவ்வட்டாரத் தமிழர் நாவில் ஊர்ப் பெயர்களாகவே நிலைத்தன.

இத்தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்டது பெரும்பாலும் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்தாகும். ஒப்பந்தக் கூலி முறை 1910 ஆம் ஆண்டில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசு விதித்த தடையோடு நின்றது. அக்காலத்தில் தமிழர் கப்பலேறிய துறைமுகங்களுள் நாகப்பட்டினம் முதன்மையானது. நாதஸ்வரத்திற்கும் தவிலுக்கும் தாயகமாகிய காவிரிப் படுகையின் கடல் வாயிலும் அதுவே. 1926 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட "ரஜூலா" கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழகத்தையும் மலாயாவையும் இணைத்தது.

கப்பலேறி வந்தோர் ஏர் பிடித்தவர்களாகவும் கூலி வேலை செய்தவர்களாகவும் இருந்தனர். இசையைத் தொழிலாகக் கொண்டோர் சிலரே. எனினும் ஒவ்வொரு மாவட்டத்தாரும் தத்தம் ஊர்த் தெய்வத்தோடு அத்தெய்வத்திற்குரிய வாத்தியத்தையும் கொண்டுவந்தனர். மாரியம்மனுக்குப் பம்பையும் உடுக்கையும், முனீஸ்வரனுக்கும் மதுரைவீரனுக்கும் உறுமியும் தப்பும் முழங்கின. லயத்து வீடுகளுக்கு அருகில் மரத்தடியில் ஒரு கல்லாகவோ சூலமாகவோ நின்ற தெய்வம், பின்னர் தகரக் கூரையிட்ட கோயிலாயிற்று. அதன் பின்னரே நாதஸ்வரமும் தவிலும் அங்கு வந்து சேர்ந்தன. ஆகவே, தோட்டத்துக் கோயில்களில் முதலில் ஒலித்தவை மக்களின் தோற்கருவிகளே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பகலில் பால்மரம், இரவில் மேளம்

கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் தேவஸ்தானம் 1873 ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. பத்துமலையில் தைப்பூச விழா 1892 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. இத்தகைய பெரிய தலங்களில் ஆஸ்தான வித்துவான்களை அமர்த்தும் வசதி இருந்தது. தோட்டத்துக் கோயில்களுக்கு அவ்வசதி இல்லை. எனவே தோட்ட மேளக்காரர் என்பவர் முதலில் தோட்டத் தொழிலாளி. அதன் பின்னரே கலைஞர்.

பொழுது விடியுமுன்பே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மரம் சீவினால்தான் பால் நன்கு வடியும். பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த பின்னரே பிற்பகல் அவருக்குச் சொந்தமாகும். மாலையில் சாதகம், விழாக் காலங்களில் நள்ளிரவு கடந்தும் ஊர்வலத்தில் வாசிப்பு, அதன்பின் மீண்டும் பெரட்டு. அன்றாடக் கூலி முறையில், வேலைக்குச் செல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அண்டைத் தோட்டத்துத் திருவிழாவிற்கு வாசிக்கச் சென்றவர், ஒரு நாள் கூலியை இழந்தே சென்றார். அவருக்குக் கிடைத்த சன்மானம் அவ்விழப்பை ஈடு செய்தால் அதுவே பெரிதாகக் கருதப்பட்டது.

இவ்விரு வாழ்க்கையும் ஒன்றோடொன்று இணங்கிச் செல்ல இயற்கையும் ஓரளவு துணை நின்றது. மேற்குக் கரை மாநிலங்களில் ரப்பர் மரங்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் இலையுதிர்த்துத் தளிர்க்கின்றன. அப்பருவத்தில் பால் குறையும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் நிகழும் அம்மன் திருவிழாக்கள் இக்காலத்தை ஒட்டியே அமைகின்றன. வருமானம் குறைந்த மாதங்களில் மேளக்காரருக்குக் கோயில் விழாக்களே கைகொடுத்தன. ஒரு தோட்டத்துத் திருவிழா முடிந்த அடுத்த வாரம் மறு தோட்டத்தில் காப்புக் கட்டுவர். குழுவினர் கருவிகளை மிதிவண்டியிலும் தோட்ட லாரியிலும் ஏற்றிக்கொண்டு செம்மண் சாலைகளில் ஊர் ஊராகச் சென்றனர்.

ஒரு செட்டு மேளம்

"ஒரு செட்டு" என்பது வழக்கமாக இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், சுருதிக்கு ஓர் ஒத்து, ஒரு தாளம் கொண்டது. தோட்டங்களில் முழுச் செட்டு சேர்வது எளிதன்று. ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் மட்டுமே கொண்டு விழாவை நடத்திய கோயில்கள் பல. ஒரு தோட்டத்து நாதஸ்வரக்காரரும் மற்றொரு தோட்டத்துத் தவில்காரரும் விழா நாளில் மட்டும் கூடி வாசிப்பதும் உண்டு. இவ்வாறு பல தோட்டங்களின் கலைஞர்கள் ஒன்றிணைந்தமையாலேயே வட்டாரக் குழுக்கள் பிறந்தன.

முறையான குருகுலப் பயிற்சி பெற்றோர் குறைவாயினும், கோயில் மேளத்திற்குரிய ஒழுங்கினை அவர்கள் விடாது காத்தனர். அதிகாலையில் பூபாளம், புறப்பாட்டிற்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி, திருமாங்கல்ய தாரணத்தில் கெட்டி மேளம் என்னும் வரிசை, ஏட்டில் எழுதப்படாமலேயே தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. மாலை வேளைகளில் லயத்தின் முன் அமர்ந்து சிறுவர்கள் சொற்கட்டுகளை வாயாற் சொல்லி மனனம் செய்த பின்னரே தவிலைத் தொட அனுமதிக்கப்பட்டனர்.

கருவிகளைப் பேணுவதும் பெரும் பணியாக இருந்தது. நாதஸ்வரக் குழல் ஆச்சா மரத்தாலும் தவிலின் கட்டை பலா மரத்தாலும் செய்யப்படுவது மரபு. நாதஸ்வரத்தின் உயிராகிய சீவாளி, காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையினால் ஆனது. அது நெடுங்காலம் நிலைக்கும் பொருளன்று. எனவே ஊருக்குச் சென்று திரும்புவோரிடம் "சீவாளி வாங்கி வருக" என்று சொல்லி அனுப்புவது வழக்கமாயிற்று. ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும் இந்நாட்டில், வாரினால் இறுக்கிய பழைய தவிலைச் சுருதி குன்றாமல் காப்பது கடினம். பிற்காலத்தில் இரும்பு வளையமும் திருகாணியும் பூட்டிய தவில் வந்த பின்னரே இத்தொல்லை குறைந்தது.

தமிழகத்தில் நாதஸ்வரமும் தவிலும் இசை வேளாளர், மருத்துவர் ஆகிய குலத்தாருக்குரிய தொழிலாகவும், தப்பும் உறுமியும் வேறு குலத்தாருக்குரியவையாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. அப்பாகுபாடு தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. சாவு வீட்டில் தப்படித்தவரைக் கோயில் வாசலுக்கு அப்பால் நிறுத்திய வழக்கமும் இருந்தது. ஆயினும் ஆள் பற்றாக்குறை மிகுந்த தோட்டச் சூழலில் அவ்வேலி நெடுநாள் உறுதியாக நிற்கவில்லை. கற்க விரும்பியவன் கற்றான். வாசிக்கத் தெரிந்தவன் வாசித்தான். இது தோட்டத்துக் கோயில்கள் கண்ட ஒரு நல்ல மாற்றமாகும்.

போரும் ஊரடங்கும்

1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக் காலம் தோட்ட மக்களைச் சிதறடித்தது. சயாம் மரண இரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர்; அவர்களுள் பெரும்பகுதியினர் திரும்பவில்லை. குடும்பத் தலைவனை இழந்த லயங்களில் விழா எடுக்க வழியில்லை. போர் முடிந்து மூச்சு விடுவதற்குள், 1948 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் பத்தாங் காலியில் இருபத்து நான்கு சீனக் கிராமவாசிகள் சுட்டுக் கொல்லப்பட்ட துயரம், வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. தோட்டக் குடியிருப்புகள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன. ஊரடங்கு நிலவிய இடங்களில் இரவு ஊர்வலம் நடத்த இயலாது. இரவு முழுவதும் நிகழ வேண்டிய விழா பகலிலேயே சுருங்கி முடிந்தது. கூத்து, பம்பை முதலிய நீண்ட இரவுக்குரிய கலைகள் இக்காலத்தில் பெரிதும் நலிவுற்றன.

வானொலியும் திரைப்பாடலும்

போருக்குப் பின் 1946 ஆம் ஆண்டில் மலாயா வானொலி தோன்றியது. அதன் தமிழ் ஒலிபரப்பு வழியாகத் தோட்டத்து மேளக்காரர்கள் முதன்முறையாகப் பெரும் வித்துவான்களின் வாசிப்பை அடிக்கடி கேட்கும் பேறு பெற்றனர். திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை, குழலின் நீளத்தைக் கூட்டிச் சுருதியைத் தாழ்த்திய பாரி நாதஸ்வரத்தைப் புகழுறச் செய்திருந்தார். திமிரி நாதஸ்வரத்தின் கூரிய ஒலிக்குப் பழகிய செவிகளுக்கு அது புதுமையாக இருந்தது. யாழ்ப்பாணத்து வி. தெட்சணாமூர்த்தி இலங்கையிலும் தமிழகத்திலும் பல குழுக்களுக்குத் தவில் வாசித்துப் பெரும் புகழ் எய்தினார். தாயகத்திற்கு வெளியே பிறந்த ஒரு கலைஞர் தாயகத்து மேடைகளில் முதல் வரிசையில் அமர்ந்தமை, கடல் கடந்த தமிழர் அனைவருக்கும் பெருமை அளித்தது.

திரைப்படங்களும் இக்கலைக்குத் துணை செய்தன. 1962 இல் வெளிவந்த "கொஞ்சும் சலங்கை" படத்தில் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் ஒலித்தது. 1968 இல் வெளிவந்த "தில்லானா மோகனாம்பாள்" படத்திற்கு மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நாதஸ்வரம் வாசித்தனர். இப்படங்களுக்குப் பின்னர், மேளக்காரர்களிடம் திரைப்பாடலை வாசிக்குமாறு கேட்பது ஊர்வலங்களில் வழக்கமாயிற்று. முறை தவறுகிறதே என வருந்திய மூத்தவர்களும் உண்டு. மக்கள் விரும்புவதைத் தந்தே தொழிலைக் காப்பாற்றியவர்களும் உண்டு.

இதே காலத்தில் திருவிழாவின் இறுதி இரவில் கலை நிகழ்ச்சி நடத்தும் வழக்கம் பெருகியது. ஆர்மோனியம், தபேலா, வயலின் கொண்டு தொடங்கிய மெல்லிசைக் குழுக்கள், பின்னர் கித்தார், அக்கார்டியன், டிரம்ஸ் ஆகியவற்றையும், 1980 களில் மின்விசைப் பலகையையும் சேர்த்துக்கொண்டன. கோயில் மேடை இக்குழுக்களுக்குப் பயிற்சிக் களமாகவும் அமைந்தது. மாலையில் அம்மன் சன்னிதியில் தவில் வாசித்தவரே இரவில் மேடையில் தபேலாவுக்கு முன் அமர்வதும் உண்டு. இவ்வாறு ஒரே கலைஞர் இரண்டு மூன்று குழுக்களில் இடம்பெற்று நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாசித்த வாழ்க்கை, இவ்வட்டாரத்தில் அரிதன்று.

கலைந்த குழுக்கள்

1969 ஆம் ஆண்டிற்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டுமென்ற விதி கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. பல்லாண்டு இந்நாட்டில் உழைத்தும் உரிய பத்திரம் இல்லாத பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் தமிழகம் திரும்பினர். ஒரு குழுவில் தவில் வாசித்தவர் கப்பலேறிவிட்டால் அக்குழுவே முடங்கிப் போயிற்று. 1973 ஆம் ஆண்டில் ரஜூலா தன் பயணத்தை நிறுத்தியது.

இதற்கு முன்னரே தோட்டத் துண்டாடல் தொடங்கியிருந்தது. பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டபோது தொழிலாளர் குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. இத்துயர் துடைக்கும் நோக்கத்துடன் துன் வீ. தி. சம்பந்தன் 1960 ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது குறைந்த ஆட்களே போதுமானவர்களாயினர். பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் ஈயச் சுரங்கத் தொழிலும் 1985 ஆம் ஆண்டின் ஈய விலை வீழ்ச்சிக்குப் பின் நலிந்தது. 1990 களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறத் தொடங்கின. மேரி, நைஜல் கார்ட்னர், மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டிற்காகப் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பெயரே 2007 ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என மாற்றப்பட்டது.

தோட்டம் கலைந்தபோது கோயில் இடம் பெயர்ந்தது. பள்ளியும் இடம் பெயர்ந்தது. கோயிலுக்குப் புது நிலம் கேட்கப்பட்டது. பள்ளி தோட்டத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டே வேறிடம் சென்றது. மேளக் குழுவிற்கு மட்டும் மாற்று இடம் எவரும் கேட்கவில்லை. அதன் உறுப்பினர்கள் ரவாங், காப்பார், கிள்ளான், சுங்கை பூலோ என வேலை கிடைத்த இடங்களுக்குச் சென்றனர். பிற்பகல் ஓய்வு தந்த பால்மரத் தொழில் போய், நாள் முழுவதும் நிற்க வேண்டிய தொழிற்சாலை வேலை வந்தது. இரவு வேலைச் சுற்று உள்ளவர் எவ்வாறு புறப்பாட்டிற்கு வாசிக்க இயலும்? கலை மங்கியது ஆர்வக் குறைவினால் மட்டுமன்று. அக்கலைக்கு நேரம் தந்த வாழ்க்கை முறை மறைந்தமையே முதற் காரணமாகும்.

உறுமியின் எழுச்சி

நாதஸ்வரக் குழுக்கள் குறைந்த அதே காலத்தில் உறுமி மேளம் புத்துயிர் பெற்றது வியப்பிற்குரியது. வளைந்த குச்சியால் ஒருபுறத் தோலைத் தேய்த்து உறுமச் செய்யும் இக்கருவி, ஒரு காலத்தில் தாழ்வாகக் கருதப்பட்டது. 1990 களிலும் அதன் பின்னரும் தோட்டங்களிலிருந்து நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடியேறிய இளைஞர்கள், அதனைத் தங்கள் அடையாளமாக ஏற்றுக் குழுக்கள் அமைத்தனர். தைப்பூசக் காவடிகளின் முன்னே உறுமி மேளம் இந்நாட்டிற்கே உரிய தனிப் பாணியில் ஒலிக்கலாயிற்று. ஒலி மிகுதி குறித்தும் திரைப்பாடல் மெட்டுக் குறித்தும் குறை கூறப்பட்டு, சில தலங்களில் கட்டுப்பாடுகளும் விதிக்கப்பட்டன. கட்டுப்பாடு தேவையே. ஆயினும் தாத்தா வாசித்த கருவியைப் பேரன் வெட்கமின்றித் தோளில் மாட்டிக்கொண்டமை சிறிய செய்தியன்று. ஆலயங்கள் இவ்விளைஞர்களை விலக்குவதைக் காட்டிலும், முறையறிந்த மூத்தோரிடம் அமரச் செய்து நெறிப்படுத்துவதே நன்று.

ஆலயங்களின் கடமை

இன்று பெரிய ஆலயங்கள் பலவும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலை அனுமதியின் பேரில் வரும் வித்துவான்களை நம்பியுள்ளன. அவர்களின் புலமை போற்றத்தக்கது. ஆனால் அனுமதி தாமதமானால் சன்னிதியில் மேளம் நின்றுபோகும் நிலை உள்ளது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு ஆலயங்கள் மூடப்பட்டபோது, இத்தொழிலையே நம்பியிருந்த கலைஞர்கள் உள்ளூராராயினும் வெளிநாட்டவராயினும் வருமானமின்றித் தவித்தனர். பதிவு செய்த ஒலியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வழிபாட்டை முடித்துவிடும் வழக்கமும் பரவி வருகிறது. தீபாராதனையின் வேகமறிந்து இயங்கும் தவிலுக்கு அது ஒருபோதும் ஈடாகாது.

ஆலய நிர்வாகங்கள் செய்யக்கூடிய பணிகள் சில உண்டு. பழைய வரவு செலவு ஏடுகளையும் திருவிழா அழைப்பிதழ்களையும் புரட்டினால், எந்தெந்த ஆண்டில் எந்தத் தோட்டத்துக் குழு வாசித்தது என்பதை ஓரளவு அறியலாம். அவ்வேடுகள் கரையானுக்கு இரையாகுமுன் படியெடுக்கப்பட வேண்டும். எஞ்சியுள்ள மூத்த கலைஞர்களின் வாசிப்பையும் நினைவுகளையும் பதிவு செய்ய வேண்டும். தேவார வகுப்பு நடைபெறும் மண்டபத்திலேயே வாரம் ஒரு நாள் தவில், நாதஸ்வரப் பயிற்சிக்கு இடம் ஒதுக்கலாம். பேசிய சன்மானத்தை விழா முடிந்த அன்றே வழங்குவதும், அன்னதானப் பந்தியில் கலைஞர்களை முதலில் அமர்த்துவதும் பெரும் பொருட்செலவு வேண்டாத மரியாதைகள்.

காடழித்த கைகளே கோயில் கட்டின. பால்மரம் சீவிய கைகளே தவிலும் வாசித்தன. கோயிலைக் கட்டியோரின் பெயரைக் கல்லில் பொறித்த சமுதாயம், அக்கோயிலில் அரை நூற்றாண்டு வாசித்தவரின் பெயரைக் குறைந்தது ஒரு மலரிலேனும் பொறித்து வைத்தல் வேண்டும். அடுத்த திருவிழாவின் கணக்கேட்டில் "மேளம்" என்னும் சொல்லுக்கு அருகில் வாசித்தவரின் பெயரும் ஊரும் எழுதப்படுமாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.